கதவிலிருந்து ஐம்பது காலடி

ஐம்பதில் அவர் நின்றுவிட்டார்.

பர்சும் என்பவன் கிடந்த இடத்துக்கு இன்னும் பன்னிரண்டு காலடி இருந்தது.

கொஞ்சம் எட்டி வைத்து நடந்திருக்கலாம். எங்கள் தேவாலயத்து ஆயருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. வாதம் பிடித்த கால் வேறு. முட்டையின் மேல் நடப்பதுபோலத்தான் நடப்பார்.

பர்சும் எண்ணெய்க்காரி மார்த்தானாவின் கடைப்படியில் கிடந்தான். தெருக்கோடியில் இருக்கும் அரசாங்கச் சாயப்பட்டறையிலிருந்து கோயிலுக்குத் தப்பி ஓடிவந்தவன். வழியில் விழுந்து கால் ஒடிந்துவிட்டது. முழங்கைவரை ஊதா நிறம். அந்தக் கைகளை எங்கே ஒளிப்பது?

பட்டறையில் பிறந்தவன் பட்டறையிலேயே சாகவேண்டும். பேரரசரின் சட்டம். போன வருடம் ஓடிப் பிடிபட்டவனுக்கு இப்போது இரண்டு பாதமும் கிடையாது.

கோயில் கதவிலிருந்து ஐம்பது காலடிக்குள் அடைக்கலம் வந்தவனைத் தொடக்கூடாது. அதுவும் பேரரசரின் சட்டம்தான். எந்த வேளையில் எதை எழுதினாரோ.

ஓடியவனைப் பிடிக்க வீரர்களோடு வந்திருந்த படைத்தலைவன் சிரித்தான். இளவயது. புது இடைவார். சிரிக்கும்போதும் அதைத் தடவிக்கொண்டான்.

“எண்ணியாச்சா, ஆயரே? நகருங்க.”

“எங்கேருந்து எண்ணச் சொல்லியிருக்கு, தம்பி?”

“கோயில் கதவுலேருந்து. உங்களுக்குத் தெரியாதாக்கும்.”

ஆயர் திரும்பிக் கோயிலைப் பார்த்தார்.

பிறகு மார்த்தானாவைப் பார்த்தார். இருவரும் பேசி இரண்டு வருடம். கோயில் விளக்கு எண்ணெயில் கலப்படம் என்று சபை நடுவே சொல்லிவிட்டார். சொன்னது உண்மைதான். அதனால்தான் அவ்வளவு கோபம்.

முதலில் கோயிலுக்கு ஓடியவள் அவள்தான். கடப்பாரையோடு.

கீல்கள் அலறின.

தேவதாரு மரக் கதவு. ஒரு பக்கம் ஆறு பெண்கள், மறுபக்கம் மீன்காரர்கள். தெருவே வெளியில் வந்துவிட்டது. தூக்காதவர்கள் யோசனை சொன்னார்கள்.

படைத்தலைவனின் குரல் கீச்சிட்டது.

“உள்ளே பேரரசர் குடுத்த பொன் பாத்திரமெல்லாம் இருக்கு! கதவு இல்லாத கோயிலுக்கு யார் காவல்?”

“வண்டி கொண்டாந்து அள்ளிட்டுப் போங்க. அவருக்கே திருப்பிக் குடுத்துடுங்க” என்றார் ஆயர்.

அவர் எண்ணி நிறுத்திய இடத்தில் கதவை நட்டுவைத்தார்கள். மார்த்தானா முதுகால் முட்டுக் கொடுத்தாள்.

ஆயர் கதவின் முன் வந்து நின்றார். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டார். அவருக்கும் கெண்டைக்கால் இருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஒன்று.

இரண்டு.

வீரர்கள் படைத்தலைவனைப் பார்த்தார்கள். அவன் கதவைப் பார்த்தான்.

பன்னிரண்டு.

பர்சும் அவருடைய அங்கி நுனியைப் பற்றிக்கொண்டான். இனி அவனை யாரும் தொட முடியாது. மார்த்தானா கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டு அழுதாள்.

ஆயர் அவன் தலையைத் தொட்டார். பிடித்திருந்த விரல்களை மெல்ல விலக்கினார்.

பதிமூன்று.

“அவன்தான் இங்கே இருக்கானே. எங்கே போறீங்க?” என்றான் படைத்தலைவன்.

அவர் திரும்பவில்லை.

படைத்தலைவனின் கண்கள் தெருக்கோடிவரை ஓடின. பட்டறை வாசலுக்கு முப்பது காலடிகூட இருக்காது; ஐம்பதுக்கோ இன்னும் முப்பத்தேழு பாக்கி. உள்ளே இருநூறு பேர் வேலையில் இருந்தார்கள்.

பதினான்கு.