கடைசி வரிசையின் இடைவெளி

பள்ளி முற்றத்தில் பத்தாம் வகுப்புக்குக் குழுப்படம் எடுக்கிறார்கள். வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. பெஞ்சுகளின் மேல் ஏறி நிற்கும் கடைசி வரிசைப் பையன்கள் வழக்கம்போல ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொள்கிறார்கள். நடுவில் நிற்கும் நெட்டையனின் இரு பக்கமும் மட்டும் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. தனக்குப் பிடிப்பது பையன்களைத்தான் என்று போன வாரம் வகுப்பில் மறைக்காமல் சொன்னவன் அவன். “தொட்டா ஒட்டிக்கும்டா!” என்கிறான் இடப்பக்கம் நிற்கும் சுருட்டைமுடிக்காரன். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடுகிறது. “உயரமான தம்பி, நீங்க ஓரமா போயிடுங்க. படம் நல்லா வரும்,” என்கிறார் புகைப்படக்காரர். நெட்டையனுக்குக் காது மடல் சுடுகிறது, காலடியில் பெஞ்சு ஆடுகிறது. “முடியாதுண்ணா. தள்ளி நிக்கிறவங்க கிட்ட வரட்டும்.” முன்வரிசை நாற்காலியிலிருந்து வகுப்புத் தலைவி விருட்டென்று எழுந்து வந்து, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு பெஞ்சில் ஏறுகிறாள். “ஏய், பொண்ணுங்க முன்னாடி!” என்று டீச்சர் கத்துகிறார். “அங்க மூச்சு முட்டுது டீச்சர்,” என்றபடியே அவள் நெட்டையனின் வலத்தோளில் கையைப் போடுகிறாள். அந்தக் கையின் கனத்தில் அவன் முதுகு நிமிர்கிறது. இடப்பக்கம் இன்னும் காலி. அவன் இடக்கையைச் சுருட்டைமுடிக்காரனின் தோளை நோக்கி நீட்டுகிறான். சுருட்டைமுடிக்காரன் இன்னும் ஓரடி விலகுகிறான். “தம்பி, அந்தக் கையை இறக்குங்க, பார்க்க நல்லா இல்ல,” என்கிறார் புகைப்படக்காரர். நெட்டையன் நீட்டிய கையை இறக்காமல் நேராகக் கேமராவைப் பார்க்கிறான். “எடுங்கண்ணா. இப்படியே வரட்டும்.”