வெள்ளிக்கிழமை நோயாளி

“மரச்சீனிக் கிழங்க நான் தொட்டே மாசம் ஒண்ணு ஆச்சு, சிஸ்டர்.”

தாணுலிங்கம் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இந்துஜா கையிலிருந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தாள். சர்க்கரை போன வாரத்தைவிடக் கூடியிருந்தது.

தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். வார்டு வேலைக்கு நடுவே டயபடிஸ் எஜுகேட்டர் படிப்பும் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. இனி ஒரு சர்க்கரை நோயாளியைத் தொடர்ந்து பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும். அப்போதுதான் சான்றிதழ்.

அதற்கு டாக்டர் அனுப்பிவைத்த ஆள்தான் தாணுலிங்கம். இரணியல் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். முதல் நாள் வாசலிலேயே தயங்கி நின்றவரை உட்காரச் சொல்லி, பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார். ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே வந்து முதல் டோக்கன் வாங்கிவிடுவார். எவ்வளவு சோறு, எப்போது மாத்திரை, பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்பார். திருப்பிச் சொல்லச் சொன்னால் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார். வீட்டுக்குப் போனதும் எல்லாம் காற்றோடு போய்விடும். ஒரு வாரம் கருப்பட்டிக் காப்பி, இன்னொரு வாரம் கல்யாண வீட்டுப் பாயசம். கேட்டால் தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன் என்பார்.

கூடப் படிக்கும் ஸ்மைலினுடைய நோயாளிக்குச் சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது. டாக்டரே பொறுக்க முடியாமல், இந்த ஆள் தேறமாட்டார், வேறு நோயாளி தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். இந்துஜா கேட்கவில்லை. படிப்பே போனாலும் இவரை விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அப்படி என்ன பிடிவாதம் என்று ஸ்மைலினுக்குப் புரியவில்லை.

இன்றைக்கு அவர் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் வெடிப்பு ஒன்று புண்ணாகிச் சிவந்து கிடந்தது.

“இது எப்ப வந்தது?”

“தெரியாதே சிஸ்டர். நோவு ஒண்ணும் இல்ல.”

நோவு தெரியாமல் போவதுதான் ஆபத்து என்று எத்தனை வாரம் சொல்லியிருப்பாள். அவளுடைய பொறுமை அத்தோடு போயிற்று.

“நாளைக்குக் கால எடுக்கணும்னு சொன்னா யாரு கிடந்து அழுவா?”

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“உங்களுக்கு எல்லாம் தெரியுது. பின்ன வேணும்னே ஏன் இப்பிடிச் செய்யுதீங்க? சுகர் குறைஞ்சா உங்களுக்கு என்ன கேடு?”

தாணுலிங்கம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, இத்தனை வாரத்தில் முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“குறைஞ்சா மூணு மாசத்துக்கு ஒருக்க வந்தா போதும்னு டாக்டரு சொன்னாருல்லா. வாராவாரம் இங்க வந்து இருக்கதுக்குப் பின்ன எனக்கு என்ன வழி?”

இந்துஜா கீழே உட்கார்ந்து, அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, புண்ணைத் துடைத்து மருந்து போட்டாள். கட்டுப் போட்டு முடித்த பிறகு, பெனிஷைக் கல்யாணம் கட்டிக்கொள்ள வீட்டைவிட்டு இறங்கிய நாளிலிருந்து அவரைக் கூப்பிடாத முறையைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

“சுகரக் குறைங்க. வெள்ளிக்கிழமை எல்லாம் எங்க வீட்டுக்கு வாங்க, அப்பா.”