கடற்காகத்துக்கு ஒரு நிமிடம்

ஜெனுஷா கையை உயர்த்தியதும் முப்பத்திரண்டு பேரும் நின்றார்கள்.

"புள்ளி இன்னும் கொஞ்சம் உள்ளுக்கை காட்டுது" என்றாள், போனைப் பார்த்தபடி. "அங்கை சேறு. சிவராசா ஐயா சொன்ன மாதிரி இந்த ரோட்டு மேட்டிலையே நிப்பம். நிலாவுக்காக ஒரு நிமிசம்."

நிலா ஒரு கடற்காகம். வடக்கே பனி நாட்டில் குஞ்சு பொரித்து, மாரி காலத்தில் மன்னாருக்கு வந்த பறவை. அதன் முதுகில் தீப்பெட்டியளவு கருவி ஒன்றைக் கட்டி, மூன்று வருஷம் கணினித் திரையில் அதன் பின்னால் திரிந்தவள் பல்கலைக்கழக விரிவுரையாளரான ஜெனுஷா. டிசம்பரில் ஒருநாள் இந்த உப்பு வெளியில் கருவி ஓய்ந்துபோனது.

எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

சிவராசாவும் கழற்றினார்.

அடம்பனில் வயல் செய்கிற மனிதர். அறுபத்தெட்டு வயது. பறவைச் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, ஆனால் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை டவுன் மண்டபத்தில் விஞ்ஞான உரை என்றால், முதல் பஸ்ஸில் வந்து முன்வரிசைக் கதிரையில் இருப்பார். கண்டல் காட்டைப் பற்றிச் சொன்னார்கள், கேட்டார். கடற்பசுவைப் பற்றிச் சொன்னார்கள், கேட்டார். பவளப்பாறையைப் பற்றிச் சொன்ன அன்று மண்டபத்தில் பாதிப்பேர் நித்திரை. அவர் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். இன்றைக்கு எண்பது பறவைகளின் பெயர் அவருக்குப் பாடம்.

சங்கத்தில் உண்மையான பறவைப் பைத்தியம் அவர்தான் என்று ஜெனுஷா மேடையிலேயே சொல்லியிருக்கிறாள்.

நிலாவின் கதையை அவள் சொன்ன அன்று, அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"கடைசியா நிண்ட இடத்தை எவ்வளவு சரியாச் சொல்லலாம், பிள்ளை?"

"அஞ்சு மீற்றருக்குள்ளை சொல்லலாம், ஐயா."

அவர் அதைக் கொப்பியில் எழுதினார். பேனையை மூடினார். பிறகு ஏனோ வெகுநேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வாடைக்காற்று காதுக்குள் இரைந்தது. தூரத்தில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி நின்றன. காலடியில் பழைய ரோட்டின் தார் உடைந்து கிடந்தது. இந்த ரோட்டால் ஒருவரும் போவதில்லை. வேலிக்குள் வருவதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும், பறவை பார்க்க வருகிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

கடிதத்தைச் சரிபார்த்து அவர்களைக் கூட்டிவந்த சரணாலயக் காவல் அதிகாரியும், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

ஒரு பறவைக்காக.

அந்த முகத்தைச் சிவராசாவுக்குத் தெரியும். அதிகாரிக்கு அவரைத் தெரியவில்லை. தெரிய நியாயமுமில்லை, இப்போது அவர் சங்கத்தின் ரீசேர்ட் போட்டிருக்கிறார், கழுத்தில் இரவல் தொலைநோக்கி தொங்குகிறது.

போன வருஷம் சாரத்தோடு வந்திருந்தார். பக்கத்தில் மனைவி மனோன்மணி. அவள் கையில் ஒரு சிட்டி விளக்கும் திரியும், போத்தலில் கொஞ்சம் எண்ணெயும்.

"ஒரு விளக்குக் கொளுத்திப்போட்டு, ஒரு நிமிசம் நிண்டிட்டுப் போறம், ஐயா" என்று அவள் கும்பிட்டாள்.

அதிகாரி சத்தம் போடவில்லை. நல்ல மனிதர் மாதிரித்தான் சொன்னார்.

"ஏலாது, அம்மா. பறவையள் குழம்பும்."

வேலிக்கு வெளியே திரியை மடியில் கட்டிக்கொண்டு மனோன்மணி திரும்பி நடந்தாள். இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றாள். வரவுமில்லை. அடுத்த மாதம் சிவராசா தனியாக டவுனுக்குப் போய், பறவை பார்க்கிற சங்கத்தில் பெயர் கொடுத்தார்.

நிமிடம் முடிந்தது. ஆட்கள் தொப்பியைப் போட்டார்கள். யாரோ தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்கள். படம் எடுக்கிற இன்பாஸ் கமெராவைத் தூக்கினான்.

சிவராசா மட்டும் அப்படியே நின்றார். கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

இன்பாஸ் நாலைந்து படம் எடுத்தான். ஜெனுஷாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி கிட்ட வந்து அவருடைய தோளில் கை வைத்தார். "ஐயா மாதிரி நாலு பேர் இருந்தாக் காணும், இந்த இடம் தப்பியிடும்."

"ஓம்" என்றார் சிவராசா. அந்தக் கையை உதற முடியவில்லை. அதிகாரி கையை எடுக்குமட்டும் பொறுத்துக்கொண்டு நின்றார்.

"வருஷா வருஷம் இதைச் செய்வம்" என்றாள் ஜெனுஷா. "அனுமதி எடுத்துத் தருவியளே?"

"பறவைக்குத்தானே, ஏன் தராமல்?" என்றார் அதிகாரி.

"அப்ப டிசம்பர் பன்னிரண்டிலை வைப்பம். அண்டைக்குத்தான் நிலாவின்ரை சிக்னல் நிண்டது."

"வேண்டாம், பிள்ளை" என்றார் சிவராசா. அவசரமாகத்தான் சொன்னார், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இண்டையான் திகதியே இருக்கட்டும்."

"ஏன், ஐயா?"

அவர் வெளியைப் பார்த்தார். ஒரு வருஷமாகப் படித்ததெல்லாம் அப்போது கைகொடுத்தது.

"டிசம்பரிலை இதெல்லாம் வெள்ளம். இந்த நாளையிலைதான் தண்ணி வத்தியிருக்கும். ஆக்கள் நடக்கச் சுகம்."

ஐயாவின் கவனத்தைப் பார்த்தீர்களா என்று ஜெனுஷா மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். பையிலிருந்து டயறியை எடுத்து எழுதினாள்: ஜனவரி 25, நிலா நினைவு நாள்.

பதினேழு வருஷத்துக்கு முன், அதே நாள், அந்த ரோட்டில் மறித்த பஸ்ஸிலிருந்து சிவராசாவின் மகன் லக்சனை இறக்கிக் கொண்டுபோனார்கள்.