பதினான்காம் பாடம்

பேசிக்கொண்டே அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன், கையில் புருஷனுடைய நீலச் சீருடைச் சட்டை.

லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன் வேலையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தான். மனைவியின் அக்கா போனில் வந்துவிட்டால் இந்த வீட்டில் அவனும் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். இரண்டு பேரும் அவர்களுடைய பாஷையில் ஒரு மணி நேரம் சிரிப்பார்கள். அக்காவுக்கு வெண்கலக் குரல். ஸ்பீக்கர் போடாமலே அடுத்த அறைவரை கேட்கும். கேட்டு என்ன பிரயோஜனம், அந்த வேகத்தில் ஒரு சொல் புரியாது.

"என்ன, ரெண்டு பேரும் என் தலையை உருட்டறீங்களா?" என்று கேட்பான்.

"உங்களைப் பத்திப் பேச என்னங்க இருக்கு?" என்று தமிழில் ஒரு குட்டு வைத்துவிட்டு, மறுபடி அந்தப் பக்கம் தாவிவிடுவாள்.

அவள் மட்டும் தமிழைப் பிறக்கும்போதே கொண்டுவந்தாளா என்ன? வந்த புதிதில், அவன் தன் தங்கையைக் கூப்பிடுவதைப் பார்த்துவிட்டு, மாமியாரையும் "வாடி, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டவள். இரண்டே வருஷத்தில் அவனோடு சண்டை போட்டு ஜெயிக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

அவன்தான் இத்தனை வருஷமாக அவள் பாஷையில் ஒரு எழுத்துகூடப் படிக்காமல் இருந்தான். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அது உறுத்தியது. அடுத்த மாதம் இருபதாவது கல்யாண நாள். அன்றைக்கு அவள் பாஷையிலேயே நாலு வரி பேசி அவள் வாயை அடைக்க வேண்டும் என்று, யாருக்கும் தெரியாமல் ஆரம்பித்தான்.

இயர்போனை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குக் கீழே இருக்கும் குழிக்குள் இறங்கினால் பாடம் தொடங்கும். குழிக்குள்ளிருந்து புரியாத பாஷையில் குரல் வருவதைக் கேட்ட இரண்டாவது மாடிக்காரர், அன்றைக்கு முழுக்கப் படியிலேயே ஏறி இறங்கினார். குரல் கேட்டதெல்லாம், 'என் மாமியாரின் குடை எங்கே?' என்றுதான்.

லேசுப்பட்ட பாஷையா அது! மேசை ஆணாம், நாற்காலி பெண்ணாம். எத்தனையோ நாள் விட்டுத் தொலைக்கலாமா என்று இருந்தது. ஆனால் ஒரு நாள் பார்சல் கொண்டுவந்த ஆள் அதே பாஷையில் யாரிடமோ மூட்டுவலியைப் பற்றி அலுத்துக்கொண்டது முழுசாகப் புரிந்துவிட்டது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தான்.

ஒரே ஒரு தடவை, அவள் பாஷைச் சொற்களை எழுதிய சீட்டு சட்டைப்பையில் அவளிடம் மாட்டிக்கொண்டது. "பார்ட்ஸ் லிஸ்ட்" என்று சமாளித்தான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

இன்றைக்கு அவள் நிதானமாகப் பேசினாள். வழக்கமாகக் கொட்டுகிற வேகம் இல்லை. சின்னச் சின்னச் சொற்களாக, விட்டு விட்டு. ஒன்றுகூடத் தப்பாமல் அவனுக்குப் புரிந்தது. அட, தேறிட்டோமே என்று குனிந்தபடியே சிரித்துக்கொண்டான்.

"ரிப்போர்ட் வந்துடுச்சுக்கா" என்றாள் அவள் பாஷையில். "கெட்ட கட்டிதானாம். வயித்துக்குள்ள பரவிடுச்சாம்."

அவன் விரல் லேஸிலேயே நின்றுவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆறு மாசம்னு டாக்டர் சொன்னாங்க. கூடவும் இருக்கலாம், குறையவும் செய்யலாம்."

குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. அவரோட தமிழ்ல எல்லாம் பேசிட்டேன், இதை மட்டும் சொல்ல வாய் வரல. ஒரு டீ போடக்கூடத் தெரியாத மனுஷன். தனியா விட்டுட்டு எப்படிப் போவேன்?"

எட்டு மாதம் குழிக்குள் உட்கார்ந்து படித்தது இதைக் கேட்கத்தானா? படிக்காமலே இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நாளாவது நாற்காலியாக உட்கார்ந்திருந்திருக்கலாம்.

"அக்கா என்ன சொல்றாங்க?" என்று தமிழில் கேட்டான்.

அவள் மடித்து வைத்த சட்டையை உதறி, மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள்.

அவன் எழுந்து பக்கத்தில் போனான். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். கல்யாண நாளுக்கென்று மனப்பாடம் செய்து வைத்த நாலு வரியில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. நாக்கில் வந்து நின்றது பதினான்காம் பாடம், 'மருத்துவரிடம்'.

"ரொம்ப வலிக்குதா?" என்று அவள் பாஷையில் கேட்டான். இருபது வருஷத்தில் முதல்முறையாக.

அவள் திடுக்கிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் நீலச் சட்டைமேல் விழுந்தது.

"போனைக் குடும்மா. அக்கா அங்க அழுதுட்டிருப்பாங்க. நான் பேசறேன்."

தோளிலிருந்து போனை எடுத்து அவன் கையில் வைத்தாள். திரை இருட்டாகக் கிடந்தது.

"அக்காவுக்கு இன்னும் தெரியாதுங்க. உங்ககிட்டதான் சொன்னேன்."