ஏணி சார் எதற்கு வந்தார்?

"டீச்சர்! ஏணி சார் வந்துட்டாரு!"

வராந்தாவிலிருந்து யாரோ குரல் கொடுத்ததுமே ஐந்தாம் வகுப்பு டீச்சர் மேஜை மேலிருந்த வண்ணக் காகிதங்களை அவசரமாய் அடுக்கினாள்.

எதிர்ப்புறப் பெரிய பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார் அவர். உயரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் ஏணி. வெள்ளிக்கிழமையானால் போதும், இவள் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்துகொள்வார். பேச மாட்டார். கேள்வி கேட்க மாட்டார். மணியடித்ததும் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"எதுக்காம் மேடம்?" என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டும் பார்த்தாயிற்று.

"சும்மா உட்கார்ந்துட்டுப் போறேன்னாரு. சரின்னேன்."

"சும்மாவா? வேலையை விட்டுட்டு சும்மா வர்றதுக்கு இது என்ன பூங்காவா?"

ஒண்ணாம் வகுப்பு டீச்சர் கண்ணடித்தாள். "ஒருவேளை உங்களைப் பொண்ணு பார்க்க வர்றாரோ என்னவோ, அக்கா."

"அடி போடி! என் பையன் காலேஜ் போறான்!"

சிரித்தாலும் டீச்சருக்கு உள்ளுக்குள் உறுத்தல்தான். அவர் எதற்கு வருகிறார் என்று அவளுக்கா தெரியாது? காலேஜில் பிள்ளைகள் திணறினால் பெரிய பள்ளிக்கூடத்தைத் திட்டுவார்கள். பெரிய பள்ளிக்கூடம் இந்தத் தொடக்கப் பள்ளிக்காரர்களைத் திட்டும். இவர்கள் மழலையர் பள்ளியைத் திட்டுவார்கள். மழலையர் பள்ளிக்கு வேறு ஆள் கிடைக்காமல் பெற்றவர்களைத் திட்டும். இப்போது அவர் அத்தாட்சி சேர்க்கவே நேரில் கிளம்பிவிட்டார்.

விடுவாளா டீச்சர்? வெள்ளிக்கிழமை என்றால் காகிதம் வெட்டி, வண்ணம் தீட்டி, பின்னக் கணக்கைத் திருவிழாவாக்கிவிடுவாள். கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் மட்டும் கேள்வி போகும். புது முகத்தைக் கண்டால் வாயைத் திறக்காத அந்த ஜன்னலோரப் பெண்ணை மட்டும், "செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வாம்மா" என்று முன்கூட்டியே வெளியே அனுப்பிவிடுவாள். அவர் ஏதாவது கேட்டு, அது ஊமையாய் நின்றால் யாருக்கு அவமானம்?

அன்றைக்கு மணியடித்துப் பிள்ளைகள் ஓடியதும், டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம். இத்தனை நாளா பார்க்கறீங்களே, என்ன குறை கண்டுபிடிச்சீங்க? மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுங்க."

அவர் திருதிருவென்று விழித்தார்.

"குறையா? நிஜத்தைச் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நான் பாடத்தைக் கவனிக்கவே இல்ல டீச்சர்."

அத்தனை காகிதமும் வீண் என்று அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்போ வேற எதுக்கு சார்?"

"இந்த வகுப்புல ஒரு பொண்ணு இருக்கணுமே... புது ஆளைப் பார்த்தா பேசாதாமே? நான் வர்றப்பல்லாம் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

டீச்சர் காலியாகக் கிடந்த ஜன்னலோர இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அவளை எப்படி சார் உங்களுக்கு..."

"அவ அண்ணன் உங்ககிட்ட படிச்சவன்தானே?"

"ஆமா, கணக்குல புலியாச்சே! இப்ப உங்ககிட்ட ஏழாவது படிக்கிறான்ல?"

"இல்ல டீச்சர். ஆறாவதுல ஒரு வாரம்தான் வந்தான். அப்புறம் தினமும் கேட் வரைக்கும் வந்து நிப்பான், திரும்பிப் போயிடுவான். கடைசியில அதுவும் நின்னு போச்சு. வீட்டுக்குத் தேடிப் போனேன். ஏன்டான்னு கேட்டா, 'உள்ளே யாரையும் தெரியல சார்'ங்கறான்."

டீச்சருக்கு அவன் ஐந்தாவது முடித்துப் போன நாள் நினைவுக்கு வந்தது. கையசைத்து அனுப்பி வைத்ததோடு சரி. தெருவைத் தாண்டிப் போய் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அவங்க அம்மாதான் சொன்னாங்க. தங்கச்சியும் அடுத்த வருஷம் வரணும், கூச்சத்துல அவ அவனுக்கும் மேலன்னு." அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "யோசனை என்னோடது இல்ல. எங்க பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு காலேஜ் மேடம் வந்து இப்படித்தான் உட்கார்ந்திருந்தாங்க. வேவு பார்க்கறாங்கன்னு நான் முறைச்சுக்கிட்டே திரிஞ்சேன்."

"சார்... அவளை நான்தான் வெளியே..."

அதற்குள் வாசலில் நிழல் தட்டியது. காலி வாளியோடு வந்த அந்தப் பெண், உள்ளே அந்நிய ஆளைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதன் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"இதோ கூட்டிட்டு வரேன் சார்!" டீச்சர் பதறி வாசல் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம், வேண்டாம். கூப்பிடாதீங்க."

"நீங்க அவளைப் பார்க்கத்தானே சார் இத்தனை நாளா வந்தீங்க?"

அவர் மறுபடி கடைசி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து, முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் பார்க்க வரல டீச்சர். அவ என்னைப் பார்த்து வெச்சுக்கட்டும்."