பொத்தானைத் தொட்ட பிறகு

போன தவக்காலத்தில் மலேசியாவிலிருந்து வந்திருந்தபோது என் மூத்த மகள் ஜெசிந்தா எனக்குச் சொன்னது இது.

மகள் பிரசவத்துக்காக மலேசியா போன பிரகாசியம்மாள், ஊரிலேயே ரூபாயை ரிங்கிட்டாக மாற்றி ஒரு பயணக் கார்டில் நிரப்பிக்கொண்டு போனார். கார்டுக்குப் பெருமை தாங்கவில்லை. இனி மாற்றுக்கூலி என்று அம்மா காசில் ஒருத்தரும் கை வைக்க முடியாது என்று நினைத்தது.

பிறந்த பேரனுக்குத் தொட்டில் வாங்கிய கடையில் கார்டை மெஷினில் செருகினார்கள். மெஷின் குழைந்தது. "அம்மா, ரூபாயிலேயே எடுத்துக்கட்டுமா? உங்க ஊர்க் காசாச்சே!"

ரூபாய் என்றதும் பிரகாசியம்மாள் மனம் இளகி அந்தப் பொத்தானைத் தொட்டுவிட்டார்.

கார்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடேய், கடை விலையும் ரிங்கிட், என் வயித்துல இருக்கறதும் ரிங்கிட். நடுவுல ரூபாய் எதுக்கு? ரூபாயா மாத்தும்போது ஒரு கிள்ளு, திரும்ப ரிங்கிட்டா மாத்தும்போது ஒரு கிள்ளா?"

"பாசத்துல கேட்டேண்ணே."

"பச்சைப்பிள்ளை தொட்டில்லயாடா உன் பாசம்? ஒரு காசு தரமாட்டேன், போ!"

பணம் போகவில்லை என்று திரையில் வந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடையிலிருந்த தமிழ்ப்பெண் மறுபடி செருகி, இந்த முறை ரிங்கிட் என்று அழுத்தினாள். உடனே போனது.

"உன் மெஷின் தங்கமான மெஷினும்மா" என்ற பிரகாசியம்மாள், கார்டைப் பிடுங்கி, "சனியனே, நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டியே!" என்று பைக்குள் எறிந்தார்.

உங்கள் கார்டு எங்காவது அப்படி முரண்டு பிடித்தால், திட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் பொறுங்கள்.