மௌனப் பலகை

ரிஷிகேசத்தில், கங்கைப் படிக்கட்டில் காலை வெயில் குந்தன் சிங்கின் முழங்கால்வரை ஏறியிருக்கிறது. கழுத்தில் 'மௌனம்' என்று எழுதிய பலகை தொங்குகிறது. மன அமைதி தேடி ஆசிரமத்தில் எடுத்த நாற்பது நாள் விரதத்தில் இன்று முப்பத்தொன்பது. ஒரு சொல் தவறினால் மறுபடி முதல் நாள். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்த மனைவி பிர்மா, கேழ்வரகு ரொட்டியைத் துணியிலிருந்து பிரித்து வைக்கிறாள். "குசும் அப்பா, திங்கக்கிழமை உங்க மக கல்யாணம். தாரை வார்த்துக் குடுக்க வருவீங்களா, இல்ல எங்கண்ணனை உக்காரச் சொல்லவா?" அவர் சிலேட்டை எடுத்து வேகவேகமாக எழுதுகிறார்: பற்று, துறவு, உள்ளொளி. பலப்பம் கிறீச்சிடுகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். தலையை அசைத்தாலே போதும். ஆனால் அசைத்தால் அது பதிலாகிவிடும். ஒரு குரங்கு வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது, இருவரும் விரட்டவில்லை. "என் வாய் ஓயலைன்னுதானே இங்க வந்து உக்காந்தீங்க?" பிர்மா பலகையை அவர் தலைவழியே கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். "இந்தா, ஓய்ஞ்சாச்சு. இப்ப நீங்க சொல்லுங்க." சம்மணமிட்டு, கைகளை முழங்காலில் வைத்து, அவர் வாயையே பார்க்கிறாள். ஆறு இரைகிறது. தன் கழுத்தில் பலகைக் கயிறு அழுந்திய தடத்தை அவர் விரல்கள் தடவிக்கொண்டே இருக்கின்றன.